கிடங்கோடு பிறந்த வண்டு

அந்தக் காலத்தில் நெல்லுக்குப் பூச்சியே கிடையாது, உர மூட்டையும் மருந்து டப்பாவும் ஊருக்குள் நுழைந்த பிறகுதான் பூச்சியும் நுழைந்தது என்றொரு பேச்சு உண்டு. புதுச்சேரியின் பாகூர் ஏரிப் பாசனத்து ஊர்களுக்கும், கடலோர மணலை ஒட்டிய தவளக்குப்பம், பூரணாங்குப்பம் பக்கத்துக்கும் மட்டும் உரிய பேச்சு அல்ல இது. தமிழ்நாடு முழுக்க இயற்கை வேளாண்மை மேடைகளில் ஒலிப்பதுதான். இதை ஒரேயடியாகக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் சிக்கல். வயலில் நிற்கும் பயிரைத் தின்னும் பூச்சி வேறு. அறுத்து, அடித்து, தூற்றி, குதிரில் கொட்டிய தானியத்தைத் தின்னும் பூச்சி வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரலாறு. முன்னது பயிர் செய்யும் முறை மாறும்போதெல்லாம் தானும் மாறியது. பின்னது மனிதன் தானியத்தைச் சேர்த்துவைக்கக் கற்ற நாளிலிருந்தே அவன் வீட்டுக்குள் இருக்கிறது. ஆகவே பழந்தமிழகத்தில் பூச்சி இருந்ததா என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. யார், எவ்வளவு தானியத்தை, உமியோடா உமி நீக்கியா, எத்தனை மாதம் வைத்திருந்தார்கள் என்று கேட்டால்தான் விடை நகரும். அப்படிக் கேட்கத் தொடங்கினால் பூரணாங்குப்பத்திலிருந்து சுண்ணாம்பாற்றைத் தாண்டிச் சில கிலோமீட்டர் வடக்கே இருக்கும் பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் போய்த்தான் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் அந்தப் பாதி உண்மையைக் கொடுத்துவிடலாம். வயல் பூச்சி தொல்லியலுக்கு அனேகமாக எதையும் விட்டுவைப்பதில்லை. குருத்துப்பூச்சி தின்ற தண்டு வைக்கோலாகி மாட்டுக்குப் போகிறது. ஆனைக்கொம்பன் தாக்கிய தூர் கதிரே விடாமல் சேற்றில் மட்குகிறது. புகையான் உறிஞ்சிய பயிர் சருகாகிக் காற்றில் போகிறது. இவற்றைப் பழைய மண்ணடுக்கில் தேடிப் பயனில்லை. ஆனால் அண்மை வரலாறு சொல்லும் செய்தி தெளிவானது. புகையான் புதிதாக முளைத்த பூச்சி அன்று என்றாலும், அது பெருங்கொள்ளையாக மாறியது குட்டை ரகங்களும் தழைச்சத்து உரமும் நெருக்கமான நடவும் ஓயாத நீர்ப்பாய்ச்சலும் ஒன்றுசேர்ந்த பிறகுதான். 1973-74இல் கேரளத்துக் குட்டநாட்டு வயல்கள் அதனால் கருகியதை வேளாண்மை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளையும் மற்றப் பூச்சிகளையும் மருந்து கொன்றது இன்னொரு காரணம். இந்த அளவில் மேடைப் பேச்சு சரி. அதே வாயால் ‘வண்டு’, ‘அந்து’ என்று குதிருக்குள் இருப்பவற்றையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் வரலாறு ஒத்துழைக்க மறுக்கிறது.

பூச்சியின் உடல் பழைய மண்ணில் எப்படி நிலைக்கிறது? வண்டின் மேலோடு நகம்போல் கடினமான பொருள். காற்றுப் புகாத ஈரச்சேற்றில் அது அழியாமல் கிடக்கும். மழையே காணாத பாலைவன மணலில் உலர்ந்து கிடக்கும். தானியம் தீயில் கருகினால் அதனுள் இருந்த வண்டும் சேர்ந்து கருகி நிலைக்கும். மண்பாண்டம் செய்யும்போது களிமண்ணுக்குள் சிக்கினால் உடல் சூளையில் எரிந்துபோனாலும் அதன் வடிவம் பள்ளமாகப் பதிந்துவிடும். நான்கு வழிகளுக்கும் நல்ல சான்றுகள் உலகில் உண்டு. இஸ்ரேல் கரையோரம் கடலுக்குள் மூழ்கிப்போன அத்லித் யாம் என்ற புதிய கற்கால ஊரில், 8,000 ஆண்டுகளுக்கும் முந்தைய கிணற்றுச் சேற்றிலிருந்து தானியக் கூன்வண்டு எடுக்கப்பட்டது. கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவில் எரிமலைச் சாம்பல் மூடிய அக்ரோத்திரி நகரத்துச் சாடி ஒன்றில் பயறும் அதை உளுக்கவைத்த பயறு வண்டும் ஒன்றாகவே கருகிக் கிடந்தன. எகிப்தின் கீழைப் பாலைவனத்தில் ரோமானியர் கல் வெட்டிய மோன்ஸ் கிளாடியானுஸ் குவாரியில் உலர்ந்த குப்பையிலிருந்து களஞ்சியப் பூச்சிகள் பல வகை கிடைத்தன.

இவற்றில் ஜப்பானியச் சான்று தனியாகப் பேசத் தக்கது. ஒபாத்தா ஹிரோக்கி என்ற தொல்லியலாளர் ஜோமோன் காலப் பானை ஓடுகளில் உள்ள சிறு பள்ளங்களுக்குள் சிலிக்கோன் பசையை ஊற்றி, உறைந்த அச்சை நுண்ணோக்கியில் பார்த்தார். தனேகஷிமா தீவின் ஓடுகளில் இன்று சோளத்தையும் அரிசியையும் தின்னும் கூன்வண்டின் உருவம் துல்லியமாக இருந்தது. காலம் ஏறத்தாழ 10,500 ஆண்டுகளுக்கு முன். ஜப்பானுக்கு நெல் வந்ததே அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான். அப்படியானால் வண்டு எதைத் தின்றது? ஜோமோன் மக்கள் காட்டிலிருந்து பொறுக்கி வந்து சேமித்த ஓக் கொட்டைகளையும் செஸ்ட்நட் கொட்டைகளையும் தின்றிருக்க வேண்டும். பின்னர் வடகோடியில் இருக்கும் ஹொக்கைடோத் தீவின் தத்தேசாக்கியில் கிடைத்த பானை ஒன்றை எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்தபோது, அதன் களிமண்ணுக்குள் 500 வண்டுகள் வரை கலந்திருந்ததாகக் கணக்கிட்டார்கள். வேளாண்மைதான் பூச்சியைப் பெற்றது என்ற எளிய வாய்ப்பாடு இங்கே உடைகிறது. உழுததால் வரவில்லை, சேர்த்துவைத்ததால் வந்தது.

சேமிப்பின் அளவு கூடினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல பாடம். அங்கே ரோமானியர் வருவதற்கு முன்பும் கோதுமையும் பார்லியும் விளைந்தன, மக்கள் குழிகளில் சேமித்தார்கள். ஆனால் அந்தக் காலத்து அடுக்குகளில் தானியக் கூன்வண்டு இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியப் படை வந்ததும் வண்டு கூட்டமாக வந்து இறங்குகிறது. யார்க் நகரத்தின் கோனி தெருவில் ஆற்றங்கரைக் கிடங்கு ஒன்றின் தரையில் மண்ணைவிட வண்டு அதிகம் என்று சொல்லத் தகும் அளவுக்கு அவற்றின் எச்சம் இருந்தது. படையினர் மருந்து தேடவில்லை. தரை முழுவதையும் களிமண் போட்டு மூடி, அதன்மேல் புதிய கிடங்கு கட்டிக்கொண்டார்கள். இந்தத் தானியக் கூன்வண்டுக்குப் பறக்கத் தெரியாது. சிறகு மூடி ஒட்டிப்போன பூச்சி அது. ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அது போக வேண்டுமானால் மூட்டையில் ஏறித்தான் போக வேண்டும். ஆகவே அது கிடைக்கும் இடமெல்லாம் தானியம் தொலைவிலிருந்து ஏற்றி வரப்பட்ட இடம். ரோமானியர் போன பிறகு பெருங்கிடங்குகள் போயின. வண்டும் பிரிட்டனின் பதிவுகளிலிருந்து நெடுங்காலம் மறைந்தது. வரி, படை, கப்பல் ஆகியவற்றின் வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக எழுதிவைத்த வேறு பூச்சி உண்டா என்று தெரியவில்லை.

நம் பக்கம் திரும்பினால் பழைய நெல் இருக்கிறது, பழைய பூச்சியைப் பற்றிய பேச்சு மட்டும் மிக அரிது. பழனிக்கு அருகே பொருந்தல் ஈமச்சின்னத்தில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், நான்கு கால் கொண்ட சாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. தாமிரபரணிக் கரையின் சிவகளை முதுமக்கள் தாழியிலிருந்து எடுத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்ற காலம் வந்ததாக 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. இரண்டும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தன. காலம் எவ்வளவு பின்னோக்கிப் போகிறது என்பதில் நமக்கு இருக்கும் ஆவலில் பத்தில் ஒரு பங்கு, அந்த நெல்மணியின் வயிற்றில் ஓட்டை இருக்கிறதா என்பதில் இருந்ததில்லை. தொன்மைக்குப் பரிசு உண்டு. உளுத்த மணிக்கு யார் பரிசு தருவார்கள்?

ஆர்வக் குறைவு மட்டும் காரணம் அன்று. மண்ணும் எதிராக நிற்கிறது. புதுச்சேரிக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் மண் ஊறித் ததும்புகிறது. சித்திரை, வைகாசியில் வெடிக்கிறது. இப்படி மாறி மாறி நனைந்து உலரும் மண் வண்டின் மேலோட்டை ஒரு சில ஆண்டுகளிலேயே தூளாக்கிவிடும். பாலைவனமும் இல்லை, ஆண்டு முழுக்க நீர் தேங்கிய சேறும் பெரும்பாலான மேடுகளில் இல்லை. எஞ்சுவது கருகிய தானியம். அதிலும் ஒரு வஞ்சனை உண்டு. கூன்வண்டு அரிசி மணியைக் குடைந்து முட்டை ஒன்றை இட்டு, துளையைப் பசையால் அடைத்துவிடும். புழு மணிக்குள்ளேயே வளர்ந்து, மாவைத் தின்று தீர்த்து, வண்டாகி வெளியே வரும். அப்படி உள்ளீடற்றுப் போன மணி தீயிலும் அதற்குப் பிறகு மண்ணின் பாரத்திலும் நொறுங்கும். முழு மணி மட்டுமே முழுதாக நம் கைக்கு வரும். நல்ல மணிகளே கிடைக்கின்றன என்பதால் நல்ல மணிகளே இருந்தன என்று கொள்வது, ஊரில் வந்து வரவேற்றவர்களை மட்டும் எண்ணி ஊரில் நோயாளியே இல்லை என்று எழுதுவதற்கு ஒப்பு. நுண்ணிய எச்சங்களை மண்ணிலிருந்து பிரிக்கும் மிதப்பு முறை, அதாவது மண்ணை நீரில் கரைத்து மேலே மிதக்கும் கரியை மெல்லிய சல்லடையில் வடிப்பது, உலகத் தொல்லியலில் பரவியதே 1960களுக்குப் பிறகு. தென்னிந்தியாவில் டோரியன் ஃபுல்லர் போன்றவர்கள் சங்கனக்கல், தெக்கலக்கோட்டை, ஹள்ளூர் ஆகிய புதிய கற்கால இடங்களில் அதைக் கையாண்ட பிறகுதான் கொள்ளும் பச்சைப்பயறும் சிறுதானியங்களும் கூட்டமாக வெளிவந்தன.

அரிக்கமேடு தோண்டப்பட்டது அந்த முறைக்கு வெகு முன். 1937இல் ஜூவோ துப்ரெய் அந்த இடத்தின் சிறப்பை உணர்ந்தார். 1940களின் தொடக்கத்தில் ஃபூஷோவும் சுர்லோவும் தோண்டினார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர். 1947 முதல் கசால். ரோமானிய மதுச்சாடிகளும் அரெட்டைன் வட்டில்களும் தேடப்பட்ட காலம் அது. அவை கிடைத்தன; தென்னிந்தியத் தொல்லியலுக்கே கால அளவுகோல் கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பூச்சி 3 மில்லிமீட்டர். மண்வெட்டிக்கும் கண்ணுக்கும் தப்பும். வீலர் கண்ட நீண்ட செங்கற் கட்டடம் கிடங்கு என்று கொள்ளப்பட்டது. அங்கே கண்ட தொட்டிகள் சாயத்தொழிலுக்கு உரியவை என்று எழுதப்பட்டது. தானியத்தைப் பற்றிய கேள்வி அப்போது எழவேயில்லை.

இங்கேதான் ஊருக்கும் துறைமுகத்துக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. பூரணாங்குப்பம் போன்ற ஊரில் உழவர் வீடு நெல்லை நெல்லாகவே வைத்திருக்கும். வேண்டியபோது வேண்டிய அளவு குற்றிக்கொள்ளும். இது சோம்பலோ வசதிக் குறைவோ அன்று. நெல்லின் உமி கூன்வண்டுக்கு நல்ல வேலி. உமி பிளந்த மணியில்தான் அது எளிதில் புகும். அந்துப்பூச்சி உமியைப் பொருட்படுத்தாது என்பது உண்மை. ஆனால் அது நெற்குவியலின் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் பெருகும். குதிரின் வாயைச் சாணமும் களிமண்ணும் வைத்துப் பூசிவிட்டால் அதன் போக்கும் அடங்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்த நெல்லில் வண்டுக்கு ஈரம் கிடைக்காது. பயறை உடைத்துப் பருப்பாக்கி வைத்தால் பயறு வண்டுக்கு முட்டையிட இடம் குறைகிறது. துவரைக்குச் செம்மண் கட்டுவதும் அதற்கே. பொருந்தலில் பிணத்தோடு வைத்தது அரிசி அன்று, நெல் என்பதைச் சடங்காக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வீட்டில் எப்படி வைத்தார்களோ அப்படியே அங்கும் வைத்தார்கள் என்று கொள்ள இடமுண்டு. ஆக, உழவர் வீட்டில் பூச்சி குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் அது இயற்கை போட்ட பிச்சை அன்று. உமி, வெயில், களிமண், நாள்தோறும் உலக்கை பிடித்த பெண்களின் கை எல்லாம் சேர்ந்து நடத்திய ஓயாத போராட்டத்தின் பயன்.

துறைமுகத்தில் இந்தக் காவல்கள் தளர்கின்றன. கப்பலுக்குக் கட்டும் உணவுத் தானியத்தை உமியோடு ஏற்றினால் இடம் வீண். நடுக்கடலில் உரலும் உலக்கையும் எதற்கு? அரிசியாக ஏற்றுவதுதான் வணிகனுக்குக் கணக்கு. இந்தியாவிலிருந்து அரிசி கடல் கடந்தது என்பதற்கு ஐயமில்லை. தமிழக மேலைக் கரையிலிருந்தும் குஜராத்துப் பருகச்சத்திலிருந்தும் வரும் கலங்கள் சொக்கோத்ரா தீவுக்கு அரிசி கொண்டுபோனதைச் செங்கடல் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்க நூல் குறிக்கிறது. அதே நூல் சொல்லும் பொதுகே என்ற துறையே அரிக்கமேடு என்று அறிஞர் பலர் கொள்கிறார்கள். எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் அரிசியும் பச்சைப்பயறும் தேங்காயும் கிடைத்திருக்கின்றன. கோயில் ஒன்றின் தரையில் புதைத்த இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. இனிப் பருவக்காற்றின் கணக்கைப் பாருங்கள். தென்மேற்குக் காற்றில் ஆவணி வாக்கில் இந்தியா வந்து சேர்ந்த கலங்கள் வடகிழக்குக் காற்றைப் பிடித்து மார்கழி, தை வாக்கில் திரும்பின. அதுவரை சரக்கும் உணவும் கரையில் காத்திருந்தன. அந்த நான்கைந்து மாதமும் சோழமண்டலக் கரையில் மழைக்காலம். ஈரமும் வெப்பமும் ஒத்து வந்தால் கூன்வண்டு முட்டையிலிருந்து முழு வண்டாக ஏறத்தாழ ஐந்து வாரம் போதும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சில நூறு முட்டை இடும். ஒரு பருவக் காத்திருப்புக்குள் மூன்று, நான்கு தலைமுறை. இவ்வளவு வசதியான வீடு அந்த வண்டுக்கு இந்தக் கரையில் அதற்கு முன் வாய்த்திருக்குமா என்பது ஐயம்தான். பூச்சித் தொல்லை இப்பகுதியில் ஒரு பெருஞ்சிக்கலாகத் தலைதூக்கிய முதல் இடம் வயல் அன்று, அரிக்கமேட்டுக் கரைதான் என்பது என் முடிவு.

இதற்கு மறுப்புகள் உண்டு, வலுவானவையும் உண்டு. வீலர் கண்டது கிடங்குதானா என்று பின்னர் விமலா பெக்லி உள்ளிட்டோர் நடத்திய ஆய்வுகளின் வெளிச்சத்தில் கேட்கலாம். அந்தக் கட்டடம் கிடங்கு இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சாடிகளின் எண்ணிக்கையும் வெளிநாட்டுப் பண்டங்களின் பெருக்கமும் அங்கே சரக்கு தேங்கியதைக் காட்டுகின்றன. வாதம் ஒரு சுவரை நம்பி நிற்கவில்லை. இரண்டாவது மறுப்பு, அரிக்கமேட்டு வண்டு ஒன்றுகூடக் கையில் இல்லாமல் வண்டைப் பற்றி முடிவு சொல்வது முறையா என்பது. நியாயமான கேள்வி. ஆனால் இல்லாமையிலிருந்து இருப்பை நான் வருவிக்கவில்லை. சேமிப்பின் வடிவம், அளவு, காலம், ஈரம் ஆகிய நான்கும் தெரிந்த இடத்தில் பூச்சியின் நடத்தையிலிருந்து வருவிக்கிறேன். அந்த நடத்தை யார்க்கிலும் எகிப்திலும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது. மூன்றாவது, பழைய மண்ணில் கிடைக்கும் வண்டு பின்னாளில் நுழைந்ததாக இருக்கலாமே என்பது. தளர்ந்த மண்ணில் தனித்துக் கிடக்கும் வண்டுக்கு இந்த ஐயம் பொருந்தும். தானியத்தோடு சேர்ந்து கருகியதற்கும் சுட்ட களிமண்ணுக்குள் பதிந்ததற்கும் பொருந்தாது. சூளைக்குள் பின்னாளில் எந்தப் பூச்சியும் நுழைய முடியாது.

நான்காவது மறுப்பு கோயில்களிலிருந்து வரும். பெருஞ்சேமிப்பு என்றாலே பூச்சி என்றால், நெல்லையே வருவாயாகக் கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் நடந்த நம் கோயில்களும் கல்விச்சாலைகளும் எப்படிப் பிழைத்தன? பாகூரிலேயே சான்று இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களை அளித்ததைச் சொல்கிறது. கற்பவரும் கற்பிப்பவரும் உண்ண நெல் ஆண்டு முழுதும் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், தஞ்சை நாயக்கர் காலத்தில் எழுந்த வட்ட வடிவச் செங்கற் களஞ்சியம் 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். இந்த மறுப்பு என் வாதத்தைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. கோயில் சேமித்ததும் நெல், அரிசி அன்று. மேலே கூம்பி, சுவர் தடித்து, வாய் சிறுத்த அந்தக் கட்டட வடிவமே ஈரத்தையும் காற்றையும் அடைக்கும் முயற்சி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டு ரோமானியரான கேட்டோ, ஒலிவம் பிழிந்து எஞ்சிய கசப்பு நீரைக் களிமண்ணில் குழைத்துக் களஞ்சியச் சுவரில் பூசினால் வண்டும் எலியும் அண்டாது என்று எழுதினார். அவர் நாட்டுக்கு ஒலிவம். நமக்குச் சாணமும் வேம்பும் நொச்சியும். பூச்சியே இல்லாத நாட்டில் எவரும் இவ்வளவு கவனமாகச் சுவர் பூசிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த முடிவைச் சோதிக்கப் புதிதாக ஒரு குழிகூடத் தோண்ட வேண்டியதில்லை என்பதுதான் இதில் உற்சாகம் தரும் செய்தி. அரிக்கமேட்டுக் கரையை ஆறு அரித்துக்கொண்டே இருக்கிறது. மீதி மேட்டைத் தொடாமல் விடுவதே நல்லது. ஆனால் 1940கள் முதல் தோண்டி எடுத்த ஓடுகள் புதுச்சேரி அருங்காட்சியகத்திலும் பிற சேமிப்புகளிலும் கிடக்கின்றன. அவற்றில் ரோமானிய ஓடுகளை எல்லோரும் பார்த்தாகிவிட்டது. உள்ளூர்க் குயவர் உமியும் பதரும் கலந்து வனைந்த முரட்டுச் சட்டிகளின் ஓடுகளைத் திருப்பிப் பார்த்தவர் குறைவு. உமி வந்த களத்திலிருந்து வண்டும் வந்திருக்கும். ஜப்பானில் செய்தது போல அந்தப் பள்ளங்களுக்குள் சிலிக்கோனை ஊற்றி அச்செடுத்துப் பார்க்கலாம். நெல்லுமியின் அச்சுகளுக்கு நடுவே நீண்ட மூக்குடன் ஒரே ஒரு கூன்வண்டின் அச்சு தென்பட்டால் என் வாதத்துக்குக் கால் முளைக்கும். மேட்டிலிருந்து தொலைவில் உள்ள முத்திரைப்பாளையம், சுத்துக்கேணி ஈமக்காட்டு ஓடுகளையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். வண்டு துறைமுக ஓட்டில் மிகுந்து, உள்நாட்டு ஓட்டில் அருகியிருந்தால் நான் சொன்னது நிற்கும். இரண்டிலும் ஒரே அளவில் இருந்தால், துறைமுகம்தான் பூச்சியை வளர்த்தது என்ற பகுதியை நான் கைவிட வேண்டியதுதான். உழவர் வீட்டு உமி வேலி நான் நினைத்த அளவுக்கு வலுவில்லை என்று ஆகிவிடும்.